கழுத்தைக் கொடுக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டு 'அருமை சார்' என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதத்தில் மட்டும் பதினோரு பேர் எனக்கு ஒரே மாதிரியான வீடியோவை அனுப்பியிருக்கிறீர்கள். ஒருவர் மேசையில் மல்லாக்கப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து, எதிர்பாராத நொடியில் சடக்கென்று திருப்புகிறார். 'மடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று கழுத்துப் பக்கத்தில் மைக் வேறு. சிலர் தாடையில் பட்டை மாட்டி, கயிறு இழுக்கிற மாதிரி தலையைப் பின்னால் இழுக்கிறார்கள். படுத்திருந்தவர் எழுந்து கண்ணீர் விடுகிறார். பத்து வருட வலி பத்து நொடியில் போய்விட்டதாம். அதற்குக் கீழே நம் பிள்ளைகள்: "சார், உங்க முதுகுவலிக்கு இதைப் பாருங்க."

உங்கள் அக்கறைக்கு நன்றி மக்களே. என் முதுகுவலி எனக்கும் என் நடைப்பயிற்சிக்கும் உள்ள விவகாரம், அது இருக்கட்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. என் கொழுந்தியாள் மகள், 31 வயது, ஒரு கைக்குழந்தை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கழுத்துவலி. இப்படிப்பட்ட ஓர் இடத்தில் 24 அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டிவிட்டாள். முதல் இரண்டு அமர்வு எக்ஸ்ரே, அளவெடுப்பு என்று முடிந்தது. மூன்றாவதில் கழுத்தைத் திருப்புவார்களாம். குடும்பக் குழுவில் அவள் இதைச் சொன்னபோது இருபத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒருவர்கூட 'எதற்கு' என்று கேட்கவில்லை.

நான் கேட்கிறேன்.

முதலில் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1895 செப்டம்பர் 18. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊர். டேனியல் டேவிட் பால்மர் என்பவர் கனடாவில் பிறந்து அங்கே குடியேறியவர். மளிகைக் கடை நடத்திப் பார்த்தார். பிறகு கையிலிருந்து காந்த சக்தியைச் செலுத்தி நோய் தீர்ப்பதாகச் சொல்லி ஒன்பது வருடம் தொழில் செய்தார். அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் ஹார்வி லில்லார்ட் என்பவருக்குப் பதினேழு வருடமாகக் காது சரியாகக் கேட்கவில்லை. பால்மர் அவர் முதுகைத் தடவிப் பார்த்தாராம், ஓர் எலும்பு புடைத்திருந்ததாம், ஓங்கி அழுத்தினாராம், காது கேட்டுவிட்டதாம். கைரோபிராக்டிக்கின் தல புராணம் இதுதான்.

பிளஸ் டூவில் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்கியிருக்க வேண்டும். கேள்வி நரம்பு எத்தனையாவது மூளை நரம்பு? எட்டாவது. எங்கே போகிறது? உட்செவியில் புறப்பட்டு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதுகெலும்புப் பக்கம் அதற்கு ஒரு சோலியும் கிடையாது. ஆனால் பால்மர் நம்மைப் போல வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு இடம் பெயர்வதால் வருகிறது என்று அடித்துச் சொன்னார். இறந்துபோன ஒரு மருத்துவரின் ஆவி தனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்றும் பின்னாளில் எழுதினார். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906-ல் சிறைக்கும் போனார்.

பழங்கதைதானே சார், இப்போது எல்லாம் மாறியிருக்குமே என்பீர்கள். மாறியிருக்கிறது, சில இடங்களில். அமெரிக்காவில் அது இன்று முறையான கல்லூரிப் படிப்பு, தேர்வு, உரிமம் எல்லாம் உள்ள தொழில். பிரிட்டனில் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-ல், எலும்பு இடம் பெயர்ந்துதான் நோய் வருகிறது என்பது ஒரு வரலாற்றுக் கருத்து மட்டுமே, அதற்கு மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. கவனியுங்கள், எதிராளி சொன்னதில்லை, அவர்கள் வீட்டுப் பெரியவர்களே சொன்னது. அப்படியிருக்க, 'உங்கள் சி-3 வெளியே வந்திருக்கிறது, உள்ளே தள்ளுகிறேன்' என்று பெங்களூரில் 2020-களில் ஒருவர் சொல்கிறார். எலும்பு உண்மையிலேயே இடம் விட்டு வெளியே வந்திருந்தால் நோயாளி நடந்து வந்திருக்க மாட்டார், ஆம்புலன்ஸில் வந்திருப்பார்.

நம் நாட்டு நிலைமை வேறு. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள முறைகளில் சித்தா உண்டு, ஆயுர்வேதம் உண்டு, யோகா, யுனானி, ஹோமியோபதி, சோவா ரிக்பாகூட உண்டு. கைரோபிராக்டிக் இல்லை. டாக்டர்களுக்கு இருப்பதுபோல் பதிவு செய்கிற கவுன்சிலும் அதற்கென்று இல்லை. ஆகவே நம் ஊரில் அந்தப் பலகையை மாட்டியிருப்பவர் வெளிநாட்டில் பல வருடம் படித்தவராகவும் இருக்கலாம், சனி ஞாயிறு பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம், வீடியோ பார்த்துக் கற்றவராகவும் இருக்கலாம். வெள்ளைக் கோட்டைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இனி பாடத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பாடம்.

மனிதனுக்குக் கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், நினைவிருக்கிறதா? இந்தக் கழுத்தெலும்புகளுக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. பக்கவாட்டு நீட்சியில் இருபுறமும் ஒரு துளை. மார்பு எலும்பிலோ இடுப்பு எலும்பிலோ அந்தத் துளை கிடையாது. தேர்வில் இதைக் கேட்டு எத்தனை பேரை ஒரு மதிப்பெண் இழக்க வைத்திருக்கிறேன்! அந்தத் துளை சும்மா இல்லை. முதுகெலும்புத் தமனி என்ற ரத்தக்குழாய், இடமும் வலமுமாக இரண்டு, ஆறாவது எலும்பில் நுழைந்து ஏணிப்படி ஏறுவதுபோல் ஒவ்வொரு துளையாக மேலேறி, முதல் எலும்பான அட்லஸைத் தாண்டியதும் பின்பக்கமாக வளைந்து திரும்பி மண்டையோட்டுக்குள் போகிறது. மூளையின் பின்பகுதிக்கும் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது இதுதான். மூச்சு, விழுங்குதல், நடையின் சமநிலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

நாம் தலையைத் திருப்பும்போது ஏறக்குறைய பாதித் திருப்பம் அட்லஸுக்கும் அதன் கீழுள்ள ஆக்சிஸுக்கும் இடையில் நடக்கிறது. அந்தத் தமனி வளைந்து நெளிந்து போகிற அதே இடத்தில். ஆந்தையைப் பாருங்கள். அது 270 டிகிரி வரை தலையைத் திருப்பும். அதற்குக் கழுத்தில் 14 எலும்பு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் அதன் கழுத்தை ஆராய்ந்தபோது, எலும்பிலுள்ள துளை ரத்தக்குழாயைவிடப் பத்து மடங்கு அகலமாக இருப்பதைக் கண்டார்கள். குழாய் நசுங்காமல் நகர இடம் விட்டுப் படைக்கப்பட்டிருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. துளையும் குழாயும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆந்தை வேலையை மனிதக் கழுத்திடம் கேட்கக் கூடாது.

வேகமாக முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவரில் ஒரு கீறல் விழலாம். வெளியே ரத்தம் வராது. உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்த உறைகட்டி பிய்த்துக்கொண்டு மேலே போனால் பக்கவாதம். உடனே வரலாம், சில மணி நேரம் கழித்து, சில நாள் கழித்தும் வரலாம். அதனால்தான் வீடியோவில் அது தெரியாது. வீடியோ நாற்பது நொடியில் முடிந்துவிடுகிறதே! 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கேட்டி மே என்ற விளம்பர மாடல் அழகி 34 வயதில் பக்கவாதத்தில் இறந்தார். கைரோபிராக்டிக் கழுத்துத் திருப்பலில் முதுகெலும்புத் தமனி கிழிந்ததுதான் காரணம் என்று அந்த ஊர் மரண விசாரணை அதிகாரியின் அலுவலகம் முடிவு சொன்னது. நம் பக்கத்தில், 2024-ல் பெல்லாரியைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவர் முடிவெட்டப் போன இடத்தில் இலவசமாக மசாஜ் செய்து கழுத்தைத் திருப்பிவிட்டதில் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தார். செய்தித்தாளில் வந்தது. ஆகவே அண்ணன்மார்களே, சவரம் முடிந்ததும் 'ஒரு சொடுக்கு போடட்டுமா' என்று கேட்கிறவரிடமும் இதே பதிலைச் சொல்லுங்கள். வேண்டாம் தம்பி, தலையைத் தடவி விட்டால் போதும்.

இதற்கு என் பழைய மாணவர் ஒருவர், அவரே இப்போது இந்தத் தொழிலில் இருக்கிறார், போனில் ஒரு வாதம் வைத்தார். நல்ல வாதம். மறைக்காமல் சொல்கிறேன். "சார், லட்சக்கணக்கான கழுத்தைத் தினமும் திருப்புகிறார்கள், எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? மிக அரிது. அதுவும் குழாய் ஏற்கெனவே கிழிந்ததால் வருகிற கழுத்துவலியோடுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். பழி எங்கள் மேல் விழுகிறது."

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க இதய சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையும் கழுத்துத் திருப்பலுக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது என்றுதான் சொன்னது, அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் தம்பி, உன் இரண்டாவது வாதம் உனக்கே எதிரானது. குழாய் ஏற்கெனவே கிழிந்த ஒருவர் சாதாரணக் கழுத்துவலி என்று நினைத்து உன்னிடம் வருகிறார். வெளியிலிருந்து பார்த்து, தடவிப் பார்த்து உன்னால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கழுத்தைப் பிடித்து முறுக்குவாயா? எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், குழாய் தெரியாது என்று உனக்குப் பாடம் எடுத்தவனே நான்தான்.

ஆபத்து அரிதா என்பது பாதிக் கேள்வி. எதற்காக அந்த ஆபத்து என்பது மீதிப் பாதி. குடல்வால் அறுவை சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. செய்யாவிட்டால் உயிர் போகும், அதனால் செய்கிறோம். கழுத்தைத் திருப்பாவிட்டால் என்ன போகும்? இதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டாவில் 272 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கைரோபிராக்டர்கள் கழுத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு இரண்டே இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், கழுத்துக்கும் தோளுக்கும் சின்னச் சின்னப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டில் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு தடவை செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2012-ல் முடிவு வந்தது. மாத்திரையைவிடக் கழுத்துத் திருப்பல் மேல். சரி. ஆனால் வீட்டுப் பயிற்சிக்கும் கழுத்துத் திருப்பலுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! இதை நடத்தியவர்கள் யாரோ பொறாமை பிடித்த அலோபதி டாக்டர்கள் இல்லை, கைரோபிராக்டிக் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தினர். காசு செலவில்லாமல், குழாய்க்கு ஆபத்தில்லாமல் அதே பலன் வீட்டிலேயே கிடைக்கும்போது 24 அமர்வு எதற்கு?

சத்தத்துக்காகத்தான் என்பேன். மனிதர்களுக்கு அந்த 'மடக்' பிடித்திருக்கிறது. ஏதோ பூட்டு திறந்த மாதிரி. மூட்டுக்குள்ளே வழுவழுப்பான திரவம் இருக்கிறது, இரண்டு எலும்பை வேகமாகப் பிரித்தால் உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015-ல் விரலைச் சொடக்கெடுக்கும்போதே ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். எலும்பு உள்ளே போன சத்தமும் இல்லை, வெளியே வந்த சத்தமும் இல்லை. டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் அறுபது வருடத்துக்கு மேல் இடது கை விரல்களை மட்டும் தினமும் சொடக்கெடுத்து, இரண்டு கையும் ஒன்றுபோலவே இருப்பதைக் காட்டி 2009-ல் ஒரு வேடிக்கைப் பரிசும் வாங்கினார். சொடக்கு எடுத்த சில நிமிடம் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. அந்தச் சுகத்தைக் குணம் என்று பேர் வைத்து விற்பதைத்தான் மறுக்கிறேன்.

இப்படிக் கேள்வி கேட்டவர்களை வாயடைக்கப் பார்த்த கதையும் உண்டு. சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர், பஞ்சாபி வம்சாவளி, 2008-ல் 'கார்டியன்' நாளிதழில் குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமாவுக்கெல்லாம் முதுகைத் திருகுவதற்கு ஆதாரம் எங்கே என்று எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. ஆதாரத்தைக் காட்டியிருக்கலாம், வக்கீலைக் காட்டினார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங்குக்குச் சாதகமாகச் சொன்னதும் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். அந்த நாட்டு அவதூறுச் சட்டமே 2013-ல் திருத்தப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவ சங்கம் கைரோபிராக்டர்களை ஒழிக்கத் திட்டம் போட்டுப் புறக்கணித்தது குற்றம் என்று 1987-ல் அங்கே ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதை ஒரு மருமகப்பிள்ளை எனக்குப் பெரிய ஆயுதம்போல் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை, அது வியாபாரப் போட்டிச் சட்ட வழக்கு. இந்த வைத்தியம் வேலை செய்கிறதா என்று அந்த நீதிபதி தீர்ப்புச் சொல்லவே இல்லை.

நம் மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் டாக்டர் இரண்டு நிமிடம் பார்க்கிறார். முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, ஸ்கேனைத்தான் பார்க்கிறார். 'டிஸ்க் வெளியே வந்திருக்கு, குனியாதே, தூக்காதே, தேவைப்பட்டால் ஆபரேஷன்.' பயந்துபோய் வீட்டுக்கு வருகிறோம். இதுவும் ஒரு அநியாயம்தான். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறது, ஐம்பது வயதில் 80 சதவீதம், எண்பது வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதுபோல் டிஸ்க்கும் தேயும். அதை நோய் என்று சொல்லிப் பயமுறுத்தி அனுப்பினால், கையைப் பிடித்து அரை மணி நேரம் பேசுகிறவரிடம்தான் ஜனங்கள் போவார்கள். பயத்தை இவர் உண்டாக்குகிறார், அவர் அறுவடை செய்கிறார்.

இடுப்பு வலி விஷயத்தில் கைவைத்தியத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உலகத்தில் 2020 கணக்குப்படி 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை ஆகியவற்றோடு மசாஜையும் முதுகைக் கையால் அழுத்தித் திருத்துவதையும் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவை எவை தெரியுமா? இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும். நம்மில் பாதிப் பேர் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கு வருகிறோம்! இடுப்பு வேறு, கழுத்து வேறு. இடுப்பெலும்பில் அந்தத் துளையும் இல்லை, அந்தக் குழாயும் இல்லை.

'அப்படியானால் நம் வர்மம்?' என்று கேட்பீர்கள், நாம் குமரி மாவட்டத்துக்காரர்கள் ஆயிற்றே. உடம்பில் 108 வர்மம், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று கணக்கு வைத்தவர்கள் நம் ஆசான்கள். கை எங்கே படக் கூடாது என்பதில் தொடங்குகிற வித்தை அது. நல்ல ஆசான் எண்ணெய் போட்டுத் தடவி, ஒத்தடம் கொடுத்து, பத்தியம் சொல்லி அனுப்புவதை நான் மதிக்கிறேன். அதே ஆசான் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருகினால் அவருக்கும் இதே கேள்விதான். ஊர்க்காரர் என்று குழாய் கிழியாமல் இருக்காது. 2016 ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்த சிவப்பு வட்டங்கள், அந்தக் கோப்பை வைத்தியமும் இப்போது நாகர்கோவில் வரை வந்துவிட்டது. சுகமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை நோயாளிகள் தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட ரத்தம் வெளியே வருகிறது என்ற கதையை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. முதுகுவலி என்று வருகிற எல்லாம் முதுகுவலி இல்லை. உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். காசநோய் எலும்பைத் தாக்கினால் அதிகம் தாக்குவது முதுகெலும்பைத்தான். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779-லேயே எழுதி வைத்தார். அரித்துப்போன அந்த எலும்பை ஓங்கி அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாதவிடாய் நின்ற நம் அக்காமார், மைனிமாரின் எலும்பு எத்தனை பேருக்கு வலுவாக இருக்கிறது? சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், கீழே விழுந்தவர்கள், இவர்கள் யாரும் முதுகை யாரிடமும் கொடுக்கக் கூடாது, நேராக டாக்டர்தான். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் என்று வைக்காதீர்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு இதுவரை வராத மாதிரி கழுத்துவலி, தலைவலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, நடை தள்ளாடுவது எது வந்தாலும் அதுவும் அப்படியே. 108-ஐக் கூப்பிடுங்கள்.

'நீங்கள் ஒருமுறைகூடப் போகாமல் எப்படிச் சொல்லலாம் சார்' என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. தண்டவாளத்தில் படுத்துப் பார்த்துவிட்டா பாடம் எடுக்கிறோம் மக்கா?

இனி என் கொழுந்தியாள் மகளுக்கு, எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். பாப்பா, மூன்றே கேள்வி கேள். எங்கே படித்தீர்கள், எந்தக் கவுன்சிலில் பதிவு? கழுத்தைத் திருப்பாமல் பயிற்சி மட்டும் சொல்லித் தருவீர்களா? ஆறு தடவையில் குறையாவிட்டால் நிறுத்திவிட்டு மீதிப் பணம் தருவீர்களா? எந்தப் பதிலாக இருந்தாலும் கழுத்தைத் தொட்டுத் திருப்ப விடாதே. முன்பணம் போனால் போகட்டும். உன் ஆபீஸ் பக்கத்தில் தகுதியான பிசியோதெரபிஸ்ட்டைப் பார், முதல் மாதச் செலவு பெரியப்பாவுடையது. மடிக்கணினிக்குக் கீழே நாலு தடிமனான புத்தகம் வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்து, தனி கீபோர்டு வாங்கு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது குனியாமல் தலையணையை உயர்த்தி வை.

உன் மூன்றாவது அமர்வு வியாழக்கிழமை என்று உன் அம்மா சொன்னாள். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். போனை எடு.